மெட்ராஸ் டெரஸ் மாடிக்குக் கூல் ரூஃப் பெயின்ட்: அடிக்கலாமா?

மதிப்பீடு: கான்கிரீட் தளத்துக்கு 5க்கு 4. மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மாடித் தளமான மெட்ராஸ் டெரஸுக்கு 5க்கு 1.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்தான் கூல் ரூஃப் பெயின்ட். அது இப்போது எல்லா பெயின்ட் கடையிலும் 20 லிட்டர் வாளியாகக் கிடைக்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலும், மயிலாப்பூர், புதுச்சேரிப் பழைய வீடுகளிலும் ஏசி செலவைக் குறைக்க இதை வாங்கி அடிக்கிறார்கள். சூட்டைக் குறைப்பதில் பெயின்ட்மீது குறை சொல்ல முடியாது. எந்தத் தளத்தின்மேல் அடிக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் அதன் நல்ல பக்கம். மே மாத நண்பகலில் பாசி படிந்து கறுத்த மாடியின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பும் புதிய வெள்ளைப் பூச்சு அதைப் பெருமளவு தணிக்கும். தரம் பார்க்க, தொழில்நுட்பத் தாளில் சூரிய ஒளி பிரதிபலிப்பு 0.70க்கும் வெப்ப உமிழ்வு (வாங்கிய சூட்டை வெளியே விடும் திறன்) 0.75க்கும் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2007இல் வந்த மத்திய அரசின் கட்டட எரிசக்தி விதி தட்டையான கூரைகளுக்குக் கேட்ட அளவு இது. ‘10 டிகிரி குறையும்’ என்ற விளம்பரத்தை அறைக்குள் இருக்கும் சூடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் தளத்தின் மேற்பரப்பைப் பற்றியது.

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் மூலைவாட்டு வரிசையில், விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த சிறு செங்கற்கள், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டையால் அடித்து இறுக்கிய கலவை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓடு. இந்த அடுக்கு மழையில் கொஞ்சம் நனையும், வெயிலில் மேல்வழியாகவே காய்ந்துவிடும். நூறாண்டு தாண்டியும் கட்டைகள் நிற்கக் காரணம் அப்படிக் காய்வதுதான்.

அக்ரிலிக் படலம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் போதும், ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும். இறங்கிய நீர் வெயிலில் ஆவியாகி மேலே முட்டும்போது பெயின்ட் கொப்புளிக்கும். மிச்ச ஈரம் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனைகளில் தங்கும். உளுப்பதும் கரையான் பிடிப்பதும் அங்கேதான். கீழேயிருந்து பார்த்தால் வெகுகாலம் எதுவும் தெரியாது. படலத்தை உரித்தால் தட்டோட்டின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வரும். பாரம்பரியக் கட்டடத்தில் செய்யும் எந்த வேலையையும் பின்னால் நீக்க முடிய வேண்டும். இதை நீக்க முடியாது.

சூட்டைக் குறைக்க வெள்ளைப் பீங்கான் ஓட்டின் உடைசல்களைத் தளத்தில் பதிப்பது இதைவிட மோசம். அதற்குப் போடும் 2 அங்குல சிமென்ட் கலவையே சதுர அடிக்கு சுமார் 10 கிலோ கூடுதல் பாரம். தேக்குக் கட்டை அதைத் தாங்காமல் தொய்யும்.

சுண்ணாம்புப் பூச்சு போதும். புதிதாக அடித்த சுண்ணாம்பும் நல்ல வெள்ளைதான், ஈரத்தையும் அடைக்காது. ஒரு கிலோ சுடுசுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் விட்டு நீற்றி, 24 மணி நேரம் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். வெந்நீரில் கரைத்த பிசின் 10 லிட்டருக்கு 40 கிராம் சேருங்கள். உப்பு வேண்டாம், அது தளத்துக்குள் படிகமாகிச் சுண்ணாம்பை உதிர்க்கும். வெள்ளை சிமென்டும் வேண்டாம். நீலம் கண்ணுக்கு வெள்ளையைக் கூட்டிக் காட்டுமே தவிர வெயிலைத் திருப்பாது, அதையும் விடுங்கள்.

அடிப்பதற்கு முன் பாசியைத் தென்னந்துடைப்பத்தாலோ நார் பிரஷ்ஷாலோ தேயுங்கள். ஆசிட் ஆகாது. தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் மணலும் கலந்து அடையுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால் தளம் இன்னும் காயவில்லை, எங்கிருந்து ஈரம் வருகிறது என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது.

தளத்தை லேசாக நனைத்து, மாலையில், மெல்லியதாக மூன்று கோட். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கெட்டியாக ஒரே கோட் அடித்தால் மாவாக உதிரும், சுண்ணாம்பைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படி அடித்தவர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாகும்.

குறை ஒன்று உண்டு: வடகிழக்குப் பருவமழை இதைக் கரைத்துவிடும். ஆண்டுதோறும் தை, மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். அது முடியாதவர்களுக்குப் பொட்டாசியம் சிலிகேட் பெயின்ட் இருக்கிறது. சுண்ணாம்போடு இறுகப் பிணையும், ஆவியையும் விடும். ஆனால் விலை அதிகம், ஏற்கெனவே அக்ரிலிக் அடித்த தளத்தில் பிடிக்காது.

அதே வீட்டில் பின்னால் கட்டிய கான்கிரீட் சமையலறை, குளியலறைத் தளங்களுக்குக் கூல் ரூஃப் பெயின்ட்டைத் தாராளமாக வாங்கலாம். ஆண்டுக்கொருமுறை கழுவினால் பிரதிபலிப்பு பெரும்பாலும் மீளும்.

மெட்ராஸ் டெரஸில் ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் முழுவதையும் சுரண்ட வேண்டாம். கொப்புளித்த இடங்களை மட்டும் கையால் உரித்து ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பிறகு அறைக்குள் ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையும் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால், பழைய மரவேலை தெரிந்த ஆசாரியை உடனே அழைத்து, அந்தக் கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுங்கள்.