ஏஜென்டுக்கான கையேடு: தனிக் கோப்பா, எம்சிபியா, --ஹெல்ப்பா?

எங்கள் அலுவலகத்தில் கிடங்கு இருப்பைக் கணக்கெடுக்க ஒரு சின்ன கமாண்ட் லைன் டூல் (கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் நிரல்) இருக்கிறது. பைத்தானில் நான் எழுதியது. நாலு பேர் மட்டும் பயன்படுத்திய வரை அதற்குக் கையேடு தேவைப்படவில்லை. சந்தேகம் வந்தால் என் மேசைக்கு வந்து கேட்பார்கள். இப்போது அதை அதிகமாக ஓட்டுவது, சொன்ன வேலைக்குக் கட்டளைகளைத் தானே ஓட்டும் ஏஐ ஏஜென்ட். எழுதி வைத்திருந்தால் படிக்கும், இல்லையென்றால் ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும்.

எங்கே எழுதி வைப்பது என்பதற்கு மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்தேன்: ரெப்போவில் (கோடை வைத்திருக்கும் இடம்) ஏஜென்டுக்கென்றே ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற தனிக் கோப்பு, எம்சிபி சர்வர், கட்டளையோடு --ஹெல்ப் என்று சேர்த்தால் டூல் தானே காட்டும் உதவி உரை. கடைசியில் நான் தங்கியது --ஹெல்ப்பில்தான்.

எம்சிபி, ஏஐ செயலிகள் வெளி டூல்களைக் கூப்பிடுவதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை. ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், எந்த உள்ளீடு எந்த வகை என்று சொல்லும் ஒரு ஜேசன் ஸ்கீமா. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் வாசலிலேயே பிடித்துவிடலாம். கட்டளைகளை ஓட்ட ஷெல்லே இல்லாத சாட் செயலியிலிருந்து கூப்பிட வேண்டுமானால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் என் டூல் ஏற்கெனவே கமாண்ட் லைனில் இருக்கிறது. அதன்மேல் எம்சிபி என்றால் இன்னொரு உறை. உள்ளே ஒன்றை மாற்றினால் உறையையும் மாற்ற வேண்டும். இரண்டு மாதம்தான் வைத்திருந்தேன், அதுவும் ஒரே சர்வர். அதனால் பெரிய குழுக்களுக்கு இது சரிவராது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

ஏஜென்ட்ஸ்.எம்டி எழுதுவது சுலபம்: வெறும் மார்க்டவுன், அரை மணி நேர வேலை. முதல் வாரம் அருமையாக இருந்தது. அப்புறம் மூடிய கிடங்குகளையும் சேர்த்துக்கொள்ளும் ஃபிளாகின் (கட்டளையோடு சேர்த்து எழுதும் தேர்வு) பெயரை மாற்றினேன். கோப்பைத் தொட மறந்துவிட்டேன். ஏஜென்ட் பழைய பெயரை மூன்று முறை போட்டுப் பார்த்தது. பிறகு சோர்ஸ் கோடைத் திறந்து படித்துச் சரியான பெயரைக் கண்டுபிடித்தது. வேலை முடிந்தது, ஆனால் ஒரு வரிக் கட்டளைக்கு முந்நூறு வரி கோடைப் படிக்க வைத்துவிட்டேன்.

எனக்கு முடிவெடுக்க வைத்தது இந்தப் பராமரிப்புதான். கட்டளையில் வரும் ஃபிளாகுகளைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் ஃபிளாகும் அதன் விளக்கமும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன. பெயரை மாற்றினால் --ஹெல்ப்பில் தானாகவே புதுப் பெயர் வந்துவிடும். விளக்கம் பழசாகிவிட்டாலும் அடுத்து அந்த வரியைத் திருத்தும்போது கண்ணில் படும். இன்னொரு லாபம், ஏஜென்ட் தேவைப்படும்போது மட்டும் படிக்கிறது, அதுவும் தனக்கு வேண்டிய துணைக் கட்டளையின் பக்கத்தை மட்டும்.

ஆனால் --ஹெல்ப் இருந்தால் மட்டும் போதாது. என்னுடையதில் தேதி ஃபிளாகுக்கு எதிரே "தொடக்கத் தேதி" என்று மட்டும் இருந்தது. ஏஜென்ட் 04/05/2025 என்று கொடுத்தது. அது நினைத்தது ஏப்ரல் 5, டூல் எடுத்துக்கொண்டது மே 4. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அறிக்கை அழகாக வந்தது, எண்கள்தான் தப்பு. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "தொடக்கத் தேதி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், எ.கா. 2025-05-04. இந்த நாளும் கணக்கில் சேரும்." சாய்கோடு போட்ட தேதியை டூல் இப்போது ஏற்பதே இல்லை. பிழைச் செய்தியிலும் "தவறான தேதி" என்று நிறுத்தாமல், வந்தது என்ன, வேண்டியது என்ன என்று இரண்டையும் எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஏஜென்ட் அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொள்கிறது. பிழைச் செய்தியும் கையேட்டின் ஒரு பக்கம்தான் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஹெல்ப்பின் அடியில் ஐந்து எடுத்துக்காட்டுகள் சேர்த்தேன். ஆர்க்பார்ஸ் இயல்பாகவே வரி முறிவுகளை விழுங்கிவிடும். ஐந்து கட்டளைகளும் ஒரே பத்தியாகக் குழைந்து வந்தன, ஏஜென்ட் இரண்டை ஒட்டி ஒன்றாக ஓட்டப் பார்த்தது. ரா டிஸ்கிரிப்ஷன் ஹெல்ப் ஃபார்மேட்டர் என்ற அமைப்பைப் போட்டதும் சரியானது. அந்த ஐந்தையும் ஒரு டெஸ்ட் இப்போது ஒவ்வொரு கமிட்டிலும் (கோடில் மாற்றத்தைப் பதியும்போது) ஓட்டிப் பார்க்கிறது. ஏஜென்ட்ஸ்.எம்டியில் உள்ள எடுத்துக்காட்டுகளையும் இப்படிச் சோதிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கோப்பிலிருந்து கட்டளைகளைப் பிரித்தெடுக்கும் வேலை தனி.

1971இல் வந்த, யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்பாடு, விளக்கம் ஆகியவற்றோடு 'பக்ஸ்' என்று குறைகளுக்கும் ஒரு தலைப்பு உண்டு. அதைப் பார்த்து நானும் ஒரு பகுதி சேர்த்தேன்: ஒரே கிடங்குக்கு இரண்டு பெயர் இருந்தால் கூட்டுத்தொகை இரட்டிக்கும், முதலில் பட்டியலைப் பார்க்கவும் என்று. அதன்பிறகு ஏஜென்ட் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டுகிறது.

ஏஜென்ட்ஸ்.எம்டியை நான் அழிக்கவில்லை. அதில் இப்போது நாலு வரி: டூலின் பெயர், அது எதற்கு, அழிக்கும் கட்டளைகளை ஆளிடம் கேட்காமல் ஓட்டக் கூடாது, மற்றதற்கு --ஹெல்ப்பைப் பார்க்கவும்.