நீண்ட பானெட்டுக்கு ஏற்ற அடித்தளம் எது: 3.2 கரேராவா, 964-ஆ?

போர்ஷே 911 கார்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு காரின் வயதை அதன் முகத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். 1973 மாடல் வரை முன் பானெட் பம்பரின் விளிம்பு வரை நீண்டு இறங்கும். பம்பரும் மெல்லியதாக, உடலோடு ஒட்டி வளைந்து செல்லும். 1974 மாடலில் பானெட் குட்டையாகி, அதன் முன்னே கனத்த அலுமினிய பம்பர் வந்து சேர்ந்தது. பம்பர் உடலோடு சேருமிடத்தில் ஆர்மோனியத் துருத்தியைப் போன்ற கறுப்பு ரப்பர் மடிப்புகள் இடம்பெற்றன. மணிக்கு 5 மைல், அதாவது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகள் செயலிழக்கக் கூடாது என்ற அமெரிக்க விதியே அந்த மாற்றத்துக்குக் காரணம்.

1980-களில் பழைய 911 வைத்திருந்த பலர் புதிய பம்பரையும் குட்டை பானெட்டையும் வாங்கிப் பொருத்தி, தங்கள் காரைப் புதிய மாடல் போல மாற்றிக்கொண்டார்கள். அன்று கழற்றி வீசப்பட்ட நீண்ட பானெட்டைத்தான் இன்று பிந்தைய மாடல்களின் மீது ஏற்றுகிறார்கள். ராப் டிக்கின்சன் 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய சிங்கர் நிறுவனம், 911-இன் பிந்தைய தலைமுறைகளில் ஒன்றான 964 கார்களுக்குக் கார்பன் ஃபைபர் உடல் போர்த்தி இந்த வேலையை உலகறியச் செய்தது. அதே 2009-இல் போர்ஷே நிறுவனமே 1973-இன் வாத்துவால் ஸ்பாய்லரை (பின் மூடியில் வாத்தின் வால் போல மேல்நோக்கி வளைந்த தகடு) நினைவூட்டும் 'ஸ்போர்ட் கிளாசிக்' மாடலை 250 கார்கள் மட்டும் தயாரித்தது.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்தக் காரை அடித்தளமாகக் கொள்வது என்பதுதான். ஒருபுறம் 1978 முதல் 1983 வரை வந்த 911 எஸ்.சி.யும் அதைத் தொடர்ந்து 1989 வரை வந்த 3.2 கரேராவும் நிற்கின்றன. மறுபுறம் 1989 முதல் 1994 வரை வந்த 964 நிற்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் பட்டறையில் செய்ய வேண்டிய வேலையும், பிறகு சாலையில் கிடைக்கும் அனுபவமும் வெகுவாக வேறுபடுகின்றன.

பொதுவான சாதகங்களை முதலில் சொல்லிவிடலாம். கதவு, கூரை, முன் கண்ணாடி ஆகியவற்றின் வடிவத்தைப் போர்ஷே 1960-களிலிருந்து 964 வரை ஏறக்குறைய மாற்றவே இல்லை. முப்பதாண்டு இடைவெளியில் பிறந்த இரு கார்களின் தகடுகள் ஒன்றோடொன்று சேர்வதற்கு அதுவே ஆதாரம். அடுத்தது அகலம். 1973-இன் சாதாரண 911 காரின் அகலம் 1,610 மி.மீ.; அதே ஆண்டின் கரேரா ஆர்.எஸ். 2.7 பின்சக்கர வளைவுகள் அகன்றதால் 1,652 மி.மீ. எஸ்.சி., 3.2, 964 மூன்றின் அகலமும் அதே 1,652 தான். ஆகவே பின்வளைவுகளைக் குறுக்காமல் அடையக்கூடிய பழைய தோற்றம் ஆர்.எஸ். தோற்றம் ஒன்றே. இத்தகைய கார்களில் பெரும்பாலானவை ஆர்.எஸ். சாயலில் இருப்பதற்கு ஆசையோடு இந்த அளவும் ஒரு காரணம். 1968 வரையிலான மாடல்களின் தோற்றத்தை முயலவே வேண்டாம் என்பது என் கருத்து. 1969 மாடலில் சக்கர இடைவெளி 57 மி.மீ. நீட்டப்பட்டு, பின்சக்கரம் கதவிலிருந்து விலகிவிட்டது. எந்த பம்பரை மாட்டினாலும் அந்த வேறுபாடு பக்கவாட்டிலிருந்து தெரிந்துவிடும்.

இனி 3.2 கரேரா. இதன் முன் மட்கார்டுகள் போல்ட்டால் பூட்டப்பட்டவை. அவற்றையும் பானெட்டையும் பம்பர்களையும் கழற்றிவிட்டு நீண்ட பானெட்டுக்குரிய மட்கார்டுகளை வைத்தால், பூட்டும் விளிம்புகள் பெரிய சண்டையில்லாமல் சேர்ந்துகொள்ளும். உண்மையான வெட்டு வேலை முன்னே ஓரிடத்திலும் பின்னே ஓரிடத்திலும் வருகிறது. முன்னே, பானெட்டின் பூட்டு அமரும் குறுக்குத் தகட்டை அறுத்தெடுத்து, பழைய வடிவிலான தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். இங்கே இரண்டு மி.மீ. பிசகினாலும் பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் இடையிலான சந்து ஒருபக்கம் அகன்று மறுபக்கம் நெருக்கிக்கொள்ளும். பிறகு பட்டி பூசி மறைக்கப் பார்ப்பார்கள், அது நிலைக்காது. அதனால் வெல்டிங்குக்கு முன்பே பானெட், மட்கார்டு, பம்பர், விளக்கு அனைத்தையும் தற்காலிகமாக மாட்டிச் சந்துகளைச் சரிபார்க்கும் பட்டறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னே, விளக்குக்குக் கீழுள்ள மூலைகளில் பெரிய பம்பருக்காக அமைந்த பகுதியைப் பழைய வடிவுக்கு மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும்.

இந்த வெட்டுகளில் பலர் மறந்துவிடும் ஒன்று துத்தநாகப் பூச்சு. 1976 மாடலிலிருந்து 911-இன் உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய எஃகால் ஆனது. அசல் 1973 கார்களின் விளக்குக் கிண்ணத்திலும் முன்மூலை பேட்டரிப் பெட்டிகளிலும் தின்று தீர்த்த துரு, பிந்தைய கார்களை அந்த அளவுக்கு அண்டாததற்கு இதுவே காரணம். அறுத்து வெல்டிங் செய்த ஒவ்வொரு விளிம்பிலும் அந்தக் காப்பு எரிந்துபோகிறது. அங்கே துத்தநாக பிரைமரும், உட்குழிகளில் மெழுகும் செலுத்தாமல் விட்டால், பழைய காரின் முகத்தோடு அதன் நோயையும் வரவழைத்ததாகிவிடும்.

ஆனால் 3.2-இன் பெரிய பலம் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. 1973 காரில் இருந்த அதே டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) சஸ்பென்ஷன்தான் இதிலும் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. ஐரோப்பிய வடிவில் 231 குதிரைத்திறன் தரும் எஞ்சின் இருக்க, எடையோ 1,200 கிலோவை ஒட்டித்தான் நிற்கிறது. பம்பர்களும் அவற்றைத் தாங்கும் உறுப்புகளும் போன பிறகு அது இன்னும் குறைகிறது. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஸ்டீயரிங் வழியே கைக்கு வருவதால், வெளியே தெரியும் காலமும் உள்ளே உணரும் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. 1987 முதல் வந்த ஜி50 கியர்பாக்ஸ் பழைய 915-ஐ விடத் தெளிவாகக் கியர் மாறும். பணம் இடம்கொடுத்தால் 1987–1989 கார்களையே தேடலாம்.

964-இன் கதை வேறு. தோற்றத்தில் முந்தைய காரின் தம்பி போலிருந்தாலும், இதன் 85 விழுக்காட்டுப் பாகங்கள் புதியவை என்று போர்ஷே அறிவித்தது. டார்ஷன் பாருக்குப் பதில் சுருள்வில், ஏ.பி.எஸ்., பவர் ஸ்டீயரிங், ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட 3.6 லிட்டர் எஞ்சின், 250 குதிரைத்திறன் என்று ஓட்டுவதற்கு இது மேலான கார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்ட வேண்டியவருக்கு 964 களைப்பைத் தராது. பின்சக்கர இயக்கம் கொண்ட கரேரா 2-இன் எடையே 1,350 கிலோ. நான்கு சக்கர இயக்கம் கொண்ட கரேரா 4 அதைவிட நூறு கிலோ கூடுதல் என்பதால் இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், 964-இல் பம்பர் வெறும் பம்பராக இல்லை. முன் பம்பரின் திறப்புகள் வழியே நுழையும் காற்றுதான் ஒருபக்க மட்கார்டுக்குள் இருக்கும் ஆயில் கூலரையும் மறுபக்கம் இருக்கும் ஏ.சி. கண்டென்சரையும் குளிர்விக்கிறது. மெல்லிய பழைய பம்பரில் அந்த அளவுக்குத் திறப்புகள் இல்லை. எனவே பந்தயக் கார்களைப் போல பம்பரின் நடுவே வாய் திறந்து கூலரை இடம் மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் காற்றாலும் ஆயிலாலும் மட்டுமே குளிரும் எஞ்சின் கோடையில் திணறும். அடிப்புற மூடிகளும் வழுவழுப்பான பம்பர்களும் சேர்ந்துதான் காற்றுத்தடை எண்ணை 0.32-க்குக் கொண்டுவந்தன, பழைய உடலைப் போர்த்தியதும் அந்த ஆதாயம் போய்விடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் தானாக எழும் பின் ஸ்பாய்லரையும் கழற்றியாக வேண்டும். அந்த இடத்தில் வாத்துவால் மூடியைப் பொருத்துவது அழகுக்காக மட்டும் அன்று. வேகத்தில் காரின் பின்பகுதி மேலெழும் தன்மையைக் குறைக்கத்தான் 1972-இல் போர்ஷே பொறியாளர்கள் அதை உருவாக்கினார்கள். வேகமாக ஓட்டப்போகும் 964-இல் மொட்டையான பழைய மூடியை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஸ்பாய்லரின் மோட்டாரை எடுத்த பிறகு டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குக்கும் வயரிங்கில் வழி செய்ய வேண்டும். ஆக, தகடு வேலையாகத் தொடங்குவது இங்கே குளிரூட்டல், மின்சாரம், காற்றியல் என்று கிளைவிடுகிறது. செலவும் அதற்கேற்ப ஏறுகிறது.

தகட்டுப் பொருளைப் பொறுத்தவரை அதிகம் தயங்க வேண்டியதில்லை. மட்கார்டுகளும் பானெட்டும் எஃகாக இருப்பது நல்லது. சந்துகள் நேராக நிற்கும், அடிபட்டால் டிங்கரிங் செய்து மீட்கலாம். பம்பர்களும் வாத்துவாலும் ஃபைபர் கிளாஸாக இருக்கலாம். ஆர்.எஸ். காரிலேயே எடையைக் குறைக்க ஃபைபர் கிளாஸ் பயன்பட்டது. கார்பன் ஃபைபர் பெரும் செலவு வைத்துச் செய்பவர்களுக்கானது. எதைத் தேர்ந்தாலும், பழைய பம்பருக்குப் பின்னால் மோதலைத் தாங்கும் உறுப்பு எதுவும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே இறங்க வேண்டும். நிறுத்துமிடத்தில் படும் சிறு இடி கூட மட்கார்டு வரை போகும்.

முகம் மாறினாலும் பதிவேட்டில் ஆண்டு மாறுவதில்லை. கலிபோர்னியாவில் 1975-க்கும் அதற்கு முன்னும் வந்த பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை விலக்கு உண்டு. 1973 போலத் தோன்றும் 1987 காருக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டுப் பழைய சைலன்சரை மாட்டும் யோசனையை முதலிலேயே கைவிட வேண்டும். ஜெர்மனியில் 30 வயதைத் தாண்டிய கார்களுக்கு வழங்கப்படும் 'எச்' பதிவெண்ணுக்குப் பெரும்பாலும் அசல் நிலையில் இருப்பது ஒரு நிபந்தனை என்பதால், உடலை மாற்றுவது பற்றிப் பரிசோதகரிடம் வேலைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்வது அவசியம்.

இரண்டையும் எடைபோட்டால், பழைய உடலுக்கு 3.2 கரேராவே உரிய அடித்தளம் என்று சொல்வேன். வெட்டு குறைவு, எடை குறைவு, உடலும் ஓட்டமும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை. கை நெருக்கமாக இருந்தால் எஸ்.சி. போதும், அதன் 3.0 லிட்டர் எஞ்சினின் உறுதிக்குக் குறையில்லை. பழைய தோற்றத்தைப் போலவே ஏ.சி.யும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயம் வேண்டும் என்பவர் 964-க்குப் போகலாம். அவரும் சிலிண்டர் ஹெட்டில் ஆயில் கசியும் தொடக்ககாலக் கார்களைத் தவிர்த்து, அந்தக் குறை நீக்கப்பட்ட பிந்தைய கார்களைத் தேட வேண்டும்.

எதுவாயினும், எஞ்சின் எண்ணும் ஆவணங்களும் பொருந்தி, தொழிற்சாலை பெயிண்ட்டோடு நிற்கும் காரைத் தயவுசெய்து அறுக்காதீர்கள். முன்பக்கம் அடிபட்டு ஏற்கெனவே மட்கார்டு மாற்றப்பட்ட கார், நிறம் மாற்றிப் பூசப்பட்ட கார் ஆகியவையே இதற்கு உரியவை. வாங்கும் முன் கதவுப் பூட்டு அமரும் தூணின் அடியையும், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பையும், பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழுள்ள சில் முடியும் இடத்தையும் நன்றாகத் தட்டிப் பாருங்கள். அங்கே துரு இருந்தால், நீண்ட பானெட்டுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அந்த மூன்று இடங்களுக்குச் செலவிட வேண்டியிருக்கும்.