ரங்கூனில் பிறந்தநாள் கேக்: ஓவனா, குக்கரா, கரியடுப்பா?

ரங்கூனில் வீட்டில் கேக் செய்ய நினைத்தால் முதல் கேள்வி, கரண்ட் எத்தனை மணி வரை இருக்கும் என்பதுதான். முறைவைத்து வரும் கரண்டை நம்பி ஓவனில் ஸ்பாஞ்ச் போடுவதா, காஸ் அடுப்பில் குக்கர் கேக்கா, இல்லை பேசாமல் பர்மாக்காரர்களின் ரவை கேக்கான சன்வின் மக்கினா?

ஓவனில் சுட்ட ஸ்பாஞ்சுக்கு ஈடு கிடையாது. ஆனால் அதற்குப் பொறுமையும் கிடையாது. அடித்த முட்டை நுரையில் இருக்கும் காற்றுதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. மாவும் முட்டையும் வெந்து இறுகுவதற்குள் சூடு குறைந்தால் நடுவில் குழி விழும். கரண்ட் திரும்பி வந்தாலும் எழும்பாது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். கரண்ட் வரட்டும் என்று மாவை அப்படியே வைத்திருந்தாலும் நுரை அடங்கிவிடும். இதில் ஏப்ரல் வெயில் வேறு. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திங்ஜான் சமயத்தில் அந்தச் சூடு வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஃப்ரிட்ஜும் நின்றுவிட்டால், க்ரீமில் எழுதிய பிள்ளையின் பெயர் வெட்டும் நேரத்துக்கு வழிந்துபோயிருக்கும்.

குக்கர் கேக்குக்குக் கரண்ட் வேண்டாம். அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் போல விட்டால் வெந்துவிடும். சூடு கீழிருந்து வருவதால் மேல்பக்கம் வெளிறியே இருக்கும். தட்டில் கவிழ்த்துவிட்டால் சிவந்த பக்கம் மேலே வந்துவிடும், சரி. இட்லிப் பானையில் அவித்ததையும் கேக் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

சன்வின் மக்கின் நமக்காகக் காத்திருக்கும். ரவையை வாசம் வர வறுத்து, கப்புக்கு மூன்று கப் தேங்காய்ப்பால், சர்க்கரை, துளி உப்பு சேர்த்து ஊறவிட வேண்டும். அரை மணி கூடுதலாக ஊறினால் இன்னும் நல்லது. அப்புறம் வெண்ணெய் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை கிண்டி, தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, மேலே கசகசா தூவுவார்கள். கீழே கரி, மேலே மூடிய தகரத்தில் தணல். கீழ்த்தீ அடக்கமாகவும் மேல்தணல் கூடுதலாகவும் இருந்தால்தான் அடி பிடிக்காமல் மேல்பக்கம் சிவக்கும். முட்டை சேர்த்தால் லேசாக வரும். சேர்க்காவிட்டாலும் ரவையே இறுகிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம். சூட்டோடு வெட்டினால் களியாகக் கத்தியில் ஒட்டும். காலையில் செய்து மாலையில் வெட்டுவதே சரி. மிச்சத்தை நாளைக்கு என்று வைக்க வேண்டாம், தேங்காய்ப்பால் வெயிலில் ஊசிப்போகும்.

சின்னப் பிள்ளைகளிடம் ரவை கேக்கை நீட்டினால் முகம் தொங்கிவிடும். அவர்களுக்குக் குக்கர் ஸ்பாஞ்ச், க்ரீமுக்குப் பதில் நடுவில் ஜாம். பெரியவர்கள் பிறந்தநாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சன்வின் மக்கின்தான். ஓவன், இன்வெர்ட்டர் தாங்கும் வீடுகளுக்கு.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி மூட்டாதீர்கள், அந்தப் புகை ஆளையே கொல்லும். தட்டைக் காஸில் சிறு தீயில் வைத்து, நன்றாகக் காய்ந்த இரும்பு தோசைக்கல்லால் மூடுங்கள். கல் ஆற ஆற மறுபடி காயவைத்து மூடினால் மேல்பக்கம் ஓரளவு சிவந்துவிடும்.