வடலூர் தருமச்சாலை: எழுபதைக் கடந்தவனின் மதிப்புரை

"கடை விரித்தோம், கொள்வாரில்லை" என்று வள்ளலார் தம் இறுதிக் காலத்தில் சொன்னதாக வழங்கும் வாக்கை மேடைப் பேச்சாளர்கள் சலிக்காமல் எடுத்தாளுகிறார்கள். அவர் 1867ஆம் ஆண்டு வைகாசியில் வடலூரில் தொடங்கிய, பசித்து வருவோர்க்கெல்லாம் இலவசமாகச் சோறிடும் சத்திய தருமச்சாலைக்கு மட்டும் அது சற்றும் பொருந்தாது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, மூன்று வேளையும் பந்தி நடக்கிறது, கொள்வாருக்குக் குறைவே இல்லை.

உணவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சோறு, சாம்பார், ரசம் என்ற அளவில் எளிய சைவச் சாப்பாடு. சூடாக இருக்கும், வயிற்றைக் கெடுக்காது. சுவைக்காக ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு இங்கே எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்காது. பார்க்க வேண்டியது அடுப்பை. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். விறகு உள்ளே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்க, மேலே அண்டாக்களில் உலை கொதிக்கிறது. பரிமாறுபவர் நம்முடைய பெயரையோ ஊரையோ வந்த காரணத்தையோ விசாரிப்பதில்லை, இலையைப் பார்க்கிறார், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்கிறார், அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுகிறார். சாதிக்கொரு பந்தி போட்ட சத்திரங்கள் மலிந்திருந்த காலத்தில் இந்த வழக்கத்தைத் தொடங்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்ப்பது கடினம். பத்தாண்டு கழிவதற்குள் தாது வருடப் பஞ்சம் (1876–78) வந்ததையும் சேர்த்து நினைத்தால், அந்த அடுப்பின் நீளத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வள்ளலாரின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை முப்பது வயதில் படித்தபோது, உயிர்களெல்லாம் ஒரே உறவு என்னும் தத்துவ வாதமே என்னை ஈர்த்தது. நண்பர்களோடு அதை வைத்து இரவெல்லாம் விவாதித்ததுண்டு. இப்போது படித்தால், பசி மனிதனை என்ன செய்கிறது என்று அவர் ஒரு மருத்துவரைப் போல ஒவ்வொன்றாக எழுதிச் செல்லும் பகுதியில்தான் கண் நிற்கிறது: அறிவு மயங்குகிறது, மனம் தடுமாறிச் சிதறுகிறது, கண் பஞ்சடைகிறது. கடந்த முறை பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெரியவருக்கு முதல் கவளத்தை எடுக்கும்போது விரல்கள் நடுங்கின. இரண்டாம் முறை சோறு விழுந்த பிறகுதான் அவர் நிமிர்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். நூலில் உள்ளது இலையில் நடந்தது. சங்கம், சமூகம், ஒருமைப்பாடு என்று எத்தனையோ கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன்; அந்தப் பந்தி வரிசை அளவுக்கு என்னை நம்ப வைத்தது வேறொன்றும் இல்லை.

வள்ளலார் சோதி வழிபாட்டுக்கென அமைத்து 1872இல் எழுந்த எண்கோண வடிவச் சத்திய ஞான சபையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தைப்பூசத்தன்று சோதியை மறைக்கும் ஏழு திரைகளும் விலகும் சோதி தரிசனத்துக்குப் பெருங்கூட்டம் வரும். முட்டி தேய்ந்தவர்கள் மாதப் பூசத்தில் வருவது நல்லது, அப்போது ஆறு திரைகள் விலகும். கொலையும் புலையும் (உயிர்க்கொலையும் புலால் உண்பதும்) தவிர்த்தோரே உள்ளே புக வேண்டும் என்ற வாசல் விதியை மனத்தில் கொள்ளுங்கள். சபையைச் சூழ்ந்த பெருவெளியில் சர்வதேச மையம் கட்டும் அரசின் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. என்னைக் கேட்டால், அந்த வெட்டவெளியை வெட்டவெளியாகவே விடலாம். கட்டடங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

நேரமிருப்பவர்கள் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்துக்கும் சென்று வாருங்கள். சைவ சமயத்தில் தமக்கு முன்பு இருந்த பற்று இவ்வளவென்று அளவிட முடியாதது என்றும், அதை விட்டதாலேயே மேலேற முடிந்தது என்றும் 1873இல், ஐம்பது வயதில், வள்ளலார் வெளிப்படையாகப் பேசிய இடம் அது. வயதான பிறகு நம்பிக்கையை மாற்றிக்கொள்வதைத் தடுமாற்றம் என்று கேலி பேசும் உறவினர்கள் உள்ளவர்களுக்கு பேருபதேசம் எனப்படும் அந்தப் பேச்சைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மதியப் பந்தி முடிந்து வெயில் தாழக் கிளம்பினால் அவசரமில்லாமல் பார்த்துத் திரும்பலாம். தைப்பூசத்தை அடுத்து வரும் திருவறை தரிசன நாளில் (வள்ளலார் இறுதியாகப் புகுந்த அறையைக் காணும் நாள்) மட்டும் அங்கும் நெரிசல் கடுமையாக இருக்கும்.