நாயின் அரிப்புக்கு எட்டு வார ஒற்றை உணவு: எங்கே பலிக்கிறது, எங்கே கெடுகிறது

நக்கி நக்கி விரலிடுக்கு முடி செம்பழுப்பாகிவிட்டது, காது மடலைத் தூக்கினால் புளித்த வாடை, வெயில் மழை பார்க்காமல் வருஷம் முழுக்கச் சொறிகிறது என்றால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோலில் பாக்டீரியா, ஈஸ்ட் தொற்று இவற்றுக்கு வைத்தியம் முடிந்திருக்க வேண்டும். தொற்று இருக்கும்வரை எந்த உணவைக் கொடுத்தாலும் அரிப்பு அடங்காது. உணவு பலிக்கவில்லை என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம்.

இரத்தம், எச்சில், முடிப் பரிசோதனைகளில் காசைப் போடாதீர்கள். உணவு ஒவ்வாமையை அவை நம்பகமாகக் காட்டுவதில்லை. ஒரே உணவை எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒவ்வாமை உள்ள நாய்களில் 5 வாரத்தில் சுமார் 80 சதவீதமும், 8 வாரத்தில் 90 சதவீதத்துக்கு மேலும் தேறிவிடும். மூன்றாம் வாரமே மனம் தளர வேண்டாம்.

நாய் இதுவரை தின்னாத இறைச்சி வேண்டும். கோழி ஈரலும் சோறுமாக வளர்ந்த நாய்க்குக் காடை உதவாமல் போகலாம், கோழிக்கு நெருங்கிய இனம். மாட்டிறைச்சி, பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஆட்டுக்கறியும் சந்தேகமே. பன்றிக்கறி அல்லது பழக்கமில்லாத மீன் மேலானது. 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு வேகவைத்த கொழுப்பில்லாக் கறி 200 கிராம், வெந்த சர்க்கரைவள்ளி 250 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய், இரண்டு வேளையாக. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு, எலும்பு கூடாது. பழைய உணவிலிருந்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். இதில் கால்சியமும் துத்தநாகமும் குறைவு. குட்டிகளுக்கு இது வேண்டாம். அவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவுதான் (ஒவ்வாமை தூண்டாதபடி புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்த உணவு) சரி. விலை அதிகம், சில நாய்கள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

பெரும்பாலும் கெடுவது தட்டுக்கு வெளியேதான். மாட்டிறைச்சி வாசம் சேர்த்த உண்ணி மாத்திரை, பனீரில் பொதிந்த மருந்து, கோழிச் சுவைப் பற்பசை, காலை டீயோடு அரை மேரி பிஸ்கட், தாத்தா கையால் ஒரு வாய் தயிர்சாதம். உண்ணிக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்தாகக் கேளுங்கள். பரிசுக்கு அதே கறியைத் துண்டாக்கி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒருவர் இரங்கினாலும் கணக்கு முதலிலிருந்து.

அரிப்புக்கு 0 முதல் 10 வரை வாரமொரு மதிப்பெண், ஒரே ஆள் போட வேண்டும். ஸ்டீராய்டு அல்லது ஓக்லாசிட்டினிப் (அரிப்பை அடக்கும் மாத்திரை) ஓடினால், கடைசி இரண்டு வாரமாவது மருத்துவரைக் கேட்டு நிறுத்திப் பாருங்கள்.

தேறியதும் பழைய உணவைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அதைச் செய்யாமல் நிரூபணமில்லை. ஒவ்வாமையென்றால் சில மணி நேரத்திலிருந்து 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும். திரும்பியதும் ஒற்றை உணவுக்கே போய் ஆறவிட்டு, கோழி மட்டும் இரண்டு வாரம், பிறகு பால், பிறகு கோதுமை என ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதிதான் குறைந்தது என்றால் தூசி, மகரந்த ஒவ்வாமையும் கூடவே இருக்கலாம்.

நிரந்தர உணவுக்குக் கடைப் பையின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். ‘மீன்’ என்று போட்டிருக்கும். பின்பக்கத்தில் கோழிக் கொழுப்பு இருக்கும். பழகிய பிராண்டேயானாலும் ஒவ்வொரு பையிலும் பட்டியலைப் படியுங்கள், சேர்மானம் மாறும்.