அரை மணி நேரத் துருக்கி: எதை வைத்துத் திரும்புவது?

தோஹாவில் என்னோடு ஒரே சமையலறையில் நின்ற துருக்கிக்காரர், மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்ஆப்பில் குரலாகவே அழைப்பு அனுப்பியிருந்தார். மூன்று தடவை கேட்டும் பாதிதான் புரிந்தது. ஒரு காலத்தில் அவரோடு சண்டை போடும் அளவுக்குப் பேசியவன் நான். ஊர் திரும்பிய இரண்டு வருடத்தில் எல்லாம் போச்சு.

மறுபடி ஆரம்பிக்கலாம் என்றால், கையில் இருப்பது கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போகிற அரை மணி நேரம். இரவு கடை சாத்தி வந்தபின் பத்து நிமிடம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுகிறவர்கள் துருக்கி மொழி கற்க ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்கிறது. தினம் அரை மணி என்றால் ஆறு வருடம். நல்லவேளை, அந்தக் கணக்கு நமக்கு இல்லை.

முதலில் டுவோலிங்கோ என்ற மொழிப்பாடச் செயலி. தமிழ் வழியாக இல்லை, ஆங்கிலம் வழியாகத்தான் துருக்கி மொழி படிக்கலாம். அங்கேதான் இடறுகிறது. 'எவ்' என்றால் வீடு. 'எவ்தே' வீட்டில், 'எவ்தென்' வீட்டிலிருந்து. ஆங்கிலக்காரருக்கு இது மலை, நமக்கு வேற்றுமை உருபு. வினை கடைசியில் வருவதும் அப்படியே. 'கெல்தி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். அந்த 'ஆம்' ஒட்டை ஆங்கிலத்தில் விளக்கப் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். நாம் டீ கீ என்பதை அவர்கள் 'சாய் மாய்' என்கிறார்கள். துருக்கியில் மேலே புள்ளியில்லாமல் எழுதும் ı எழுத்தின் ஒலிகூட 'காது', 'பாட்டு' கடைசியில் வரும் உகரம்தான்; பள்ளியில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுவேதான். தெரிந்ததையே திரும்பத் திரும்பத் தட்டவைக்கிற செயலியில் நாள் கணக்கு விடாமல் ஏறுகிறது, மொழி ஏறவில்லை.

லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் இலவச ஒலிப்பாடம், நம்மையே வாக்கியம் கட்டவைக்கும். புதிதாக வருகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அறிமுகப் பாடம்தான், திரும்பி வருகிறவனுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். நெரிசலான பேருந்தில் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுந்து இடம் விடுவார்!

துருக்கி அரசின் பண்பாட்டு அமைப்பான யூனுஸ் எம்ரே நிறுவனத்தின் இணையப் பாடமும் இலவசம். மேசை, நாற்காலி, ஒரு மணி நேரம் உள்ளவர்களுக்கு நல்லது.

தொடர்கள்? உம்மாவும் ராத்தாவும் பார்க்கிறார்களே, அவற்றில் ஒரு பாகமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் பாதி முறைத்துப் பார்ப்பது. அடியில் எழுத்து ஓடினால் கண் வேலை செய்கிறது, காது தூங்குகிறது.

எனக்கு மிஞ்சியது அன்கி. மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டும் அட்டைச் செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. பழைய அட்டைக் கட்டைத் திறந்தபோது பாக்கி 1,400. பார்த்த மாத்திரத்தில் மூடிவிடத் தோன்றியது. அப்புறம் ஒரு நாளைக்கு 40 அட்டை, புதுச் சொல் பூஜ்யம் என்று வரம்பு வைத்தேன். இலக்கணம் தானாகவே உள்ளே இருந்தது, தொலைந்தது சொற்கள்தான். அதிலும் கிதாபு, துனியா, துஆ எல்லாம் ஏற்கெனவே வீட்டில் புழங்குபவை. ஒன்றில் மட்டும் கவனம்: 'ஹயிர்' என்றால் நமக்கு நல்லது என்றுதான் காதில் விழும், அவர்களுக்கு அது 'இல்லை' என்கிற அன்றாடப் பதில்.

இரவுப் பத்து நிமிடத்துக்கு அன்கி. காலைப் பேருந்துக்கு நண்பரின் பழைய குரல் செய்திகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், மூன்று தடவை. அவை தீர்ந்தால் துருக்கி அரசு ஒலிபரப்பான டிஆர்டியின் வானொலிச் செய்தி. வேகம் அதிகம், பத்தில் மூன்று வாக்கியம் பிடிபட்டால் போதும். டுவோலிங்கோவை அழிக்கவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும்.

அழைப்புக்கு நாற்பது நொடியில் பதில் அனுப்பினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். அந்த இரண்டும் அட்டையாகிவிட்டன. இன்று பாக்கி 310.