சேலத்து மழைக்கு எது முதலில்: காங்கிரீட் வடிகாலா, ஏரியா?

சேர்வராயன் மலையில் கொட்டும் மழை சேலத்துக்குள் வர அதிக நேரம் எடுப்பதில்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நகரம் 280 மீட்டரில். நடுவில் சரிவுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்தது. கீழே தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் எழும் கோரிக்கை, "வடிகால் கட்டுங்க" என்பதுதான். கட்டத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற பணத்தை முதலில் எதில் போடுவது என்று கேட்டால், நான் ஏரியின் பக்கம்.

வடிகாலுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். கிச்சிப்பாளையம், நாராயண நகர் போன்ற பள்ளமான இடங்களில் தெருவில் நிற்கும் தண்ணீரை உடனே வெளியேற்ற வேறு வழியில்லை. சிக்கல், அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. கடைசியில் எல்லாம் திருமணிமுத்தாற்றுக்குத்தான். ஆறு நிரம்பி ஓடும்போது வடிகாலின் வாயே மூழ்கிவிடும்; உள்ளே போன தண்ணீர் தெருவுக்கே திரும்பும். மேட்டுத் தெருவில் புதிதாக ஒரு வடிகால் கட்டினால், பள்ளத்துத் தெருவுக்கு வெள்ளம் இன்னும் சீக்கிரம் வருகிறது. பராமரிப்பு வேறு. மூடிக் கல்லைத் தூக்கிப் பாருங்கள்: அரையடி மண், பால் கவர், டீ கப், நடுவில் யாரோ வீட்டுச் சாக்கடைக் குழாயைச் சொருகியிருப்பார்கள். போதாததற்கு, காங்கிரீட் தளம் ஒரு சொட்டையும் மண்ணுக்குள் விடாது. டிசம்பரில் துரத்திவிட்ட தண்ணீருக்காக ஏப்ரலில் மேட்டூர் குழாயைப் பார்த்துக் காத்திருக்கிறோம்.

ஏரிக் கணக்கு வேறு மாதிரி. ஒரு ஏக்கர் ஏரியை ஒரு மீட்டர் ஆழம் தூர்வாரினால் சுமார் 40 லட்சம் லிட்டர் கூடுதலாக நிற்கும். 20 ஏக்கரில் பெய்யும் 5 செ.மீ. மழை, ஒரு துளி வீணாகாமல் வந்தாலும், அதற்குள் அடங்கிவிடும். நகரத்துக்குள் பாய வேண்டிய வெள்ளத்தை மலையடிவாரத்திலேயே நிறுத்தி, மெதுவாக விடலாம்.

கண்ணுக்கு எதிரே உதாரணமும் இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010 முதல் சேலம் மக்கள் குழு சீரமைத்தது. தூர்வாரிய மண்ணை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மண்ணை அப்புறப்படுத்தும் செலவு மிச்சம், பறவைகளுக்கு இடம். இந்த ஊரில், இந்த மண்ணில் முடிந்த வேலை அது.

ஏரிக்கும் குறை உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏற்கெனவே நிரம்பிய ஏரி, அடுத்த மழையைத் தாங்காது, கரை வழிந்து ஓடிவிடும். புயல் எச்சரிக்கை வந்ததுமே மதகைத் திறந்து கொஞ்சம் இறக்கிவைக்க ஆள் வேண்டும். சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரை மூடிவிடும். எல்லாவற்றையும்விட, வரத்து ஓடை செத்தால் ஏரியும் செத்தது. ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடையை விட்டுவிட்டு ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

மூன்றாவதாக வீட்டு மழைநீர் சேகரிப்பு. 2003-ல் கட்டாயமாக்கினார்கள். நல்லதுதான், ஆனால் நம்முடையது பாறை பூமி. பெருமழையின் வேகத்துக்கு உறிஞ்சுகுழி ஈடுகொடுக்காது. தொட்டியில் பிடித்து வைத்தால் கோடைக்கு உதவும், வெள்ளத்துக்கு அல்ல.

அதனால் என் வரிசை இது: முதலில் ஓடை, அடுத்து ஏரியும் மதகும், அப்புறம் பள்ளமான தெருக்களுக்கு வடிகால். ஓடையை மீட்பதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் அதன் கரையில் ஏழைகள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேலைக்குப் போய்வரும் தூரத்திலேயே மாற்று வீடு தராமல் பொக்லைனை அனுப்பக் கூடாது. வீடு கொடுத்த பிறகு சித்திரையில் அளந்து எல்லைக்கல் நட்டால், ஐப்பசி மழைக்குள் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.